வீட்டுப் பத்திரத்தை வைத்து மூன்று நாட்டுப் படிப்பா?

"அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு ஈரோடு பக்கம். இந்த ஆண்டு பி.டெக். பயோடெக்னாலஜி முடிக்கிறேன். ஐரோப்பாவில் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ட்ரான்ஸ்லேஷனல் பயோமெடிக்கல் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் 14ஆவது இடத்தில் இருக்கிறேன். சொந்தச் செலவில் வருவதானால் ஆண்டுக்கு 9,000 யூரோ கட்டணம், இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று மெயில் வந்திருக்கிறது. அப்பா எட்டுத் தறி வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார். அம்மாவோ, 'மொழிபெயர்ப்புப் படிக்க எதுக்கு மூணு நாடு சுத்தணும்?' என்கிறார். நான் போகலாமா? ஒரு வருடம் காத்திருந்தால் அது வீணான வருடமாகிவிடுமா?"

அன்புத் தங்கைக்கு,

இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு, இந்தக் கடனோடு, போக வேண்டாம். படிப்பு நல்ல படிப்பு. உங்களுக்குப் பொருத்தமாகவும் படுகிறது. இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்களிடம் ஏதோ பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அவசரப்பட்டு, வீட்டை வைத்து இதில் இறங்கக்கூடாது என்கிறேன்.

இதே மாதிரி ஒரு கூட்டுப் படிப்பில் படித்தவள் நான். இப்போது நோயாளிகளின் ரத்தத்தையும் திசுவையும் வைத்து வேலை செய்யும் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். வருடா வருடம் மார்ச், ஏப்ரலில் உங்களுடையதைப் போலச் சில கடிதங்கள் வரும்.

முதலில் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதில் தவறே இல்லை. ட்ரான்ஸ்லேஷன் என்றால் மொழிபெயர்ப்புதான். லேபில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்குப் பயன்படுகிற ஒன்றாகக் கொண்டுசேர்ப்பது. அந்தப் பக்கம் டாக்டர் கண்ணில் பட்ட ஒரு புதிரை லேபுக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் இதில் சேர்த்திதான். அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், ஒரு வகை ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கவனித்தார்கள். 9ஆவது குரோமோசோமும் 22ஆவதும் தங்களுக்குள் துண்டை மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று 1973இல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். அந்த மாற்றத்தால் உருவாகும் புரதத்தைக் குறிவைத்து அடக்கும் மாத்திரைதான் இமாட்டினிப். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2001 மே மாதம். நாற்பத்தோரு வருடம்!

மாத்திரை வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் அந்த மருந்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அங்கே நிராகரித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. அப்போது அவர்களுடைய மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆகும். இந்திய நிறுவனங்கள் தயாரித்தது சுமார் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. நோயாளி கைக்கு மருந்து வந்து சேரும் வரைக்குமான இந்தப் பாதை முழுக்கவே உங்கள் பாடத்திட்டம். செல், எலி, மனிதச் சோதனை, அனுமதி, விலை, சட்டம் எல்லாம் அதற்குள் வரும்.

இதற்கு மூன்று நாடு எதற்கு? எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஊரில் எங்கள் லேபில் ஊதா மூடி போட்ட குழாய் என்றால் ஈடிடிஏ, பச்சை மூடி என்றால் ஹெப்பாரின். இரண்டுமே எடுத்த ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் சேர்க்கிற பொருள்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். படிப்பின் நடுவில் ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்துக்குப் போனேன். ஏற்கெனவே உறைய வைத்திருந்த பிளாஸ்மா (செல்களை நீக்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதி) சாம்பிள்களைக் கொடுத்து, பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை) ஓட்டச் சொன்னார்கள். மூன்று வாரம் ஒன்றுமே வரவில்லை. கிட்டை மாற்றினேன், பிரைமரை மாற்றினேன், கையே சரியில்லையோ என்று ராத்திரியில் அழுதும் இருக்கிறேன். கடைசியில் அங்கே பல வருடமாக வேலை செய்கிற டெக்னீஷியன் அம்மா ஒருவர் வந்து, "இந்த ரத்தத்தை எந்த மூடிக் குழாயில் எடுத்தார்கள்?" என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டினால் ஆரஞ்சு மூடி என்றிருந்தது. அவர்கள் பயன்படுத்துகிற குழாய்களில் ஆரஞ்சுதான் ஹெப்பாரின், ஈடிடிஏவுக்குச் சிவப்பு. ஹெப்பாரின் கலந்த சாம்பிளில் பிசிஆர் முடங்கிப்போகும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக நான் படித்த விஷயம்தான் அது. குழாயில் ஒட்டியிருந்த லேபிளில் 'பிளாஸ்மா' என்று மட்டும் இருந்தது.

ஒரே லேபில் ஐந்து வருடம் இருந்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. ஓர் ஆஸ்பத்திரியில் பிடிபட்ட முடிவு இன்னோர் ஆஸ்பத்திரியில் ஏன் பிடிபடவில்லை என்பதற்கான காரணம், பல நேரம் இப்படி மூடியின் நிறத்திலும், ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் மேசையில் கிடந்தது என்பதிலும் ஒளிந்திருக்கும். நாடு விட்டு நாடு போய்ப் படிப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

கட்டணம் இரண்டு ஆண்டுக்கு 18,000 யூரோ. வாழ்க்கைச் செலவுக்கு ஜெர்மனி விசா விதியையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 992 யூரோ வீதம், ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000. ஆக 42,000 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் 42 லட்சம். விமான டிக்கெட், விசா, ஒவ்வொரு முறை நாடு மாறும்போதும் கட்டுகிற வீட்டு அட்வான்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

அதில் 40 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 54,000 ரூபாய். படிக்கிற இரண்டு வருடத்துக்கு ஏறுகிற வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. இந்தப் படிப்பு முடித்தவர்களில் பெரும்பாலோர் அடுத்து போகிற இடம் பிஎச்.டி. இந்தியாவுக்குத் திரும்பி ஜே.ஆர்.எஃப். (பிஎச்.டி. மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்கினால், 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தவணையே அதைவிட 17,000 அதிகம். மீதியை யார் கட்டுவது? அப்பாவின் எட்டுத் தறிதான்.

"ஐரோப்பாவிலேயே பிஎச்.டி. செய்தால்?" என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் உயிரியல் துறையில் பிஎச்.டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம் தருவார்கள். வரி, காப்பீடு போகக் கையில் இரண்டாயிரம் யூரோவை ஒட்டி நிற்கும். அதில் 540 யூரோ தவணைக்குப் போனாலும் சமாளிக்கலாம், பலர் சமாளிக்கிறார்கள். ஆனால் அந்த இடம் கிடைத்தே தீர வேண்டும், படிப்பு முடிந்த உடனே கிடைக்க வேண்டும் என்ற நெருக்கடியோடு படிப்பது வேறு மாதிரி இருக்கும். பிடித்த லேபை விட்டுவிட்டு, முதலில் கூப்பிட்ட லேபில் போய் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். அப்பா பத்திரத்தைப் பற்றிப் பேசுவது அதனால்தான். பாசத்தில் சொல்கிறார், அந்த மனசு பெரியது. அந்தப் பத்திரத்தை பீரோவிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உதவித்தொகையோடு போனால் இதே படிப்பு எப்படி மாறுகிறது பாருங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கல்விக் கட்டணமும் கிடையாது. சிக்கனமாக இருந்தால் கையில் கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இந்த இரண்டு விதமான மாணவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சுயநிதியில் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் உதவித்தொகைக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் போகாதீர்கள்.

14ஆவது இடம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனை எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளுக்கு வேண்டுமானாலும் ஒருவர் விண்ணப்பிக்கலாம் என்பதால், இரண்டு மூன்று இடத்தில் தேர்வானவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவார்கள். அதனால் பட்டியல் நகரும். ஆனால் வரிசைப்படியே நகரும் என்று எண்ணாதீர்கள். ஒரு படிப்புக்கான மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டினருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. விண்ணப்பிக்கிற இந்தியர்களின் எண்ணிக்கை எப்போதுமே அதிகம். அதாவது நீங்கள் உலகத்தோடு போட்டி போடுவதைவிட, ஹைதராபாத்திலும் புனேயிலும் கொச்சியிலும் இருக்கிற உங்களைப் போன்றவர்களோடுதான் போட்டி போடுகிறீர்கள். எல்லோருக்கும் நல்ல மதிப்பெண், எல்லோருக்கும் ஒரு மாத இன்டர்ன்ஷிப். உங்கள் விண்ணப்பம் தனியாகத் தெரிய என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

அதற்குத்தான் அந்த ஒரு வருடம். வீணாகுமா என்று கேட்டீர்களே, நன்றாகச் செலவழித்தால் உங்கள் விண்ணப்பத்தின் கனமான பகுதியே அதுவாகத்தான் இருக்கும். நோயாளியும் லேபும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து, புராஜெக்ட் உதவியாளராகச் சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். நம் மாநிலத்தில் இதற்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் ஸ்டெம்செல் ஆய்வு மையம் இருக்கிறது. ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா ஏவுக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, ஐந்து நோயாளிகளின் முடிவை 2024இல் உலகுக்குச் சொன்னது வேலூர்க் குழுதான். மதுரை அரவிந்தில் கண் நோய்களுக்கான ஆய்வுப் பிரிவு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

அப்புறம் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் கடந்துபோக முடியாது. 1956இல் அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். காசநோயாளியை மாதக்கணக்கில் சானட்டோரியத்தில் வைத்து, சத்தான சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானட்டோரியத்திலும் மீதிப் பேரைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயும் வைத்து, இரண்டு தரப்புக்கும் ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை. உலகம் முழுக்க சானட்டோரியங்கள் காலியாக இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். புது மருந்து எதையும் இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தை ஏழை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று நிரூபித்தார்கள். ட்ரான்ஸ்லேஷனல் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சேத்துப்பட்டில் நடந்த வேலை அது.

இப்படி ஓர் இடத்தில் ஒரு வருடம் இருந்தால் என்னவெல்லாம் கண்ணில் படும் தெரியுமா? காலை ஏழரைக்கு ஐஸ் பெட்டியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பீர்கள். வெட்டியெடுத்த கட்டி முதலில் பேத்தாலஜிஸ்ட் கைக்குப் போகும். நோயாளியின் ரிப்போர்ட்டுக்கு வேண்டியதை அவர் எடுத்துக்கொண்ட பிறகே, மிளகு அளவுக்கு ஒரு துண்டு உங்களுக்கு. ஆராய்ச்சியைவிட நோயாளி முதலில் என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கட்டி உடம்பை விட்டு வந்த நேரம், உறைந்த நேரம் இரண்டையும் எழுதி வைப்பீர்கள், தாமதமானால் அதிலுள்ள ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) சிதைய ஆரம்பிக்கும். ஒப்புதல் படிவத்தைப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குத் தமிழில் விளக்கிச் சொல்லி, "வேண்டாம் கண்ணு" என்று அவர் சொன்னால் பேசாமல் திரும்பி வருவீர்கள். அடுத்த முறை விண்ணப்பக் கடிதத்தில் 'எனக்குச் சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்க வேண்டியிருக்காது. இதில் ஒன்றை எழுதினாலே போதும். பரிந்துரைக் கடிதமும் உங்கள் கை வேலையைத் தினமும் பார்த்த ஒருவரிடமிருந்து வரும்.

கூடவே புள்ளியியலை ஒழுங்காகப் படியுங்கள். நம் பயோடெக் மாணவர்கள் பலர் தடுமாறுகிற இடம் அதுதான். இந்தியாவில் நடக்கிற மருத்துவச் சோதனைகளை எல்லாம் பதிவு செய்கிற சி.டி.ஆர்.ஐ. தளம் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். வாரம் ஒரு சோதனையை எடுத்து, யாரைச் சேர்க்கிறார்கள், யாரை விலக்குகிறார்கள், எதை வெற்றி என்கிறார்கள் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அடுத்த சுற்று அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் திறக்கும். இந்த முறை ஒன்றோடு நிறுத்தாதீர்கள். குரோனிங்கன், உப்சாலா, ஹைடல்பெர்க் மூன்றும் சேர்ந்து நடத்தும் இன்னோவேட்டிவ் மெடிசின் படிப்பு உங்கள் துறைக்கு நேராக வரும். தடுப்பூசியில் ஆர்வம் இருந்தால் பார்சிலோனா, ஆன்ட்வெர்ப், லியோன், செயின்ட் எட்டியென் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் லைவ் படிப்பைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசி இரண்டு ஆண்டு மாணவர்கள் எந்த லேபில் தீசிஸ் செய்தார்கள் என்று பாருங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் மாணவர் சங்கத்தின் மூலம் பழைய மாணவர்களைப் பிடித்துக் கேட்டால் சொல்வார்கள். அடிக்கடி லேப் மாறுகிற படிப்புகளில் ஒரு வேலையும் முழுதாகக் கைக்கு வராமல் போகிற ஆபத்து உண்டு. குறைந்தது ஒரு தீசிஸாவது ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓர் இடத்தில் இருக்கும்படி அமைந்த படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த நாட்டில் முடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜெர்மனியில் பட்டம் முடித்தால் வேலை தேட 18 மாதம் தங்கலாம், நெதர்லாந்தில் ஒரு வருடம். அதேபோல, தருவது எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே பட்டமா, தனித்தனிப் பட்டங்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இங்கே அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ, வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சமநிலைச் சான்றிதழ் வாங்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய அரசும் தமிழக அரசும் தனித்தனியே வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகின்றன. தகுதி இருப்பவர்கள் வங்கிக்குப் போவதற்கு முன் அங்கே போங்கள்.

தங்கை, இந்த வாரத்துக்குள் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மெயில். சுயநிதி இடம் எனக்கு வேண்டாம், ஆனால் உதவித்தொகைக்கான காத்திருப்புப் பட்டியலில் என் பெயர் தொடரட்டும் என்று எழுதுங்கள். சுயநிதி இடத்தை மறுத்தால் பட்டியலிலிருந்தும் பெயர் போய்விடுமா, இந்தச் சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்ற இரண்டையும் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் எழுத்தில் வரும் வரைக்கும் முன்பணம் ஒரு யூரோகூடக் கட்டாதீர்கள். பட்டியல் நகர்ந்து உங்கள் பெயர் வந்துவிட்டால், நான் மேலே எழுதியதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கே விசா வேலையைத் தொடங்குங்கள். வரவில்லை என்றால், வேலூருக்கும் சேத்துப்பட்டுக்கும் மதுரைக்கும் அனுப்ப வேண்டிய விண்ணப்பங்களை இப்போதே தயார் செய்து வையுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா